ஒரு ராக் பாட்டுப் புத்தகத்தோடு இரண்டு ஆண்டுகள்

என் 36ஆம் வயதில் கிதார் கற்கத் தொடங்கியபோது எனக்கு ஆசிரியர் என்று யாரும் இல்லை. சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடை ஒன்றில் 150 ரூபாய்க்கு வாங்கிய, முதுகுப் பக்கம் பிய்ந்துபோன ஒரு ராக் பாட்டுப் புத்தகமும், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த நண்பர் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போன எலெக்ட்ரிக் கிதாரும், ஹெட்போன் மாட்டிக் கேட்கக்கூடிய 10 வாட் ஆம்ப் ஒன்றும்தான் இருந்தன. புத்தகத்தில் 22 பாடல்கள் உள்ளன. இன்று அவற்றுள் 11 பாடல்களைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் வாசிக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே, நாளொன்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாத ஒருவர் இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம், எங்கெங்கே வழி தவறும் என்பதை எழுதிவைத்தால், தனியாகத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் தவறு முதல் பக்கத்திலேயே நடந்தது. இத்தகைய புத்தகங்களில் பாடல்கள் பெரும்பாலும் எளிதிலிருந்து கடினத்துக்கு என்று அடுக்கப்படுவதில்லை. ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கப்படுகின்றன. இதைக் கவனிக்காமல், பள்ளிப் பாடநூலைத் தொடங்குவதுபோல முதல் பாட்டைத் தொடங்கினேன். பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைக் கார்டு என்பார்கள். அது முழுக்க முழுக்கப் பாரே கார்டுகளால் ஆன பாட்டு; அதாவது, ஆள்காட்டி விரலைக் குறுக்கே கிடத்தி ஆறு கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளால் பிரிந்த இடத்தில்) அழுத்தவேண்டிய கார்டுகள். ஆறு வாரம் முயன்றும் ஒரு கார்டுகூடச் சுத்தமாக ஒலிக்கவில்லை; மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. விரல் நுனி வலிப்பது இயல்பு, சில வாரங்களில் தோல் காய்த்துச் சரியாகிவிடும். மணிக்கட்டு வலித்தால் பிடிக்கும் விதம் தவறு என்று பொருள், உடனே நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்தாமல் போனதால் பத்து நாள் கிதாரைத் தொடவே முடியாமல் போயிற்று.

அந்தப் பத்து நாளில் செய்த ஒரு காரியம்தான் பிறகு எல்லாவற்றுக்கும் உதவியது. பென்சிலும் கையுமாக உட்கார்ந்து 22 பாடல்களையும் வாசிக்காமல் வெறுமனே படித்தேன். ஒவ்வொரு பாட்டின் மேலும், அதில் எத்தனை கார்டுகள் வருகின்றன, பாரே கார்டு உண்டா, சோலோ (கிதார் தனித்து வாசிக்கும் பகுதி) எத்தனை வரி, ஒலிப்பதிவின் வேகம் என்ன, ஸ்ருதி மாற்றம் ஏதேனும் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று எழுதினேன். அதை வைத்து நானே ஒரு வரிசை போட்டுக்கொண்டேன். அந்த வரிசையில் புத்தகத்தின் முதல் பாட்டு பதினெட்டாவது இடத்துக்குப் போயிற்று.

டேப்லேச்சர் என்ற குறிமுறையைப் பற்றி, அதை அறியாதவர்களுக்காக, சில வார்த்தைகள். ஆறு கோடுகள் ஆறு கம்பிகளைக் குறிக்கும். கோட்டின் மேலுள்ள எண் எந்த ஃப்ரெட்டை அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லும். பூஜ்யம் என்றால் அழுத்தாமல் மீட்ட வேண்டும். மடியில் கிதாரை வைத்துக் குனிந்து பார்க்கும்போது தடித்த கம்பி மேலே தெரியும். ஆனால் தாளில் மெல்லிய கம்பிதான் மேல்கோடு. இந்தத் தலைகீழ் நிலைக்குக் கண் பழக எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஐரோப்பாவில் லூட் என்ற நரம்புக் கருவிக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைப் போன்ற குறிமுறை இருந்தது. விரலை எங்கே வைப்பது என்பதைச் சொல்வதில் இதற்கு நிகரில்லை. எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது, எப்போது அமர்த்துவது, எந்த அழுத்தத்தில் மீட்டுவது என்பதையெல்லாம் இது மிகக் குறைவாகவே சொல்கிறது. நான் கற்றதில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் கிடைத்தது.

என் வரிசையில் முதலில் வந்தது டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. உலகெங்கும் கிதார் கற்கிறவர்கள் முதலில் வாசித்துப் பார்க்கும் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு, அதுவாகத்தான் இருக்கும். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில், அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது அங்கிருந்த காசினோ தீப்பற்றி எரிந்தது; அங்கே ஒலிப்பதிவு செய்ய வந்திருந்த இக்குழுவினர் ஜெனீவா ஏரியின் மீது புகை பரவியதைக் கண்டார்கள். பாட்டின் பெயர் அதிலிருந்து வந்தது. 1972இல் வெளியான ‘மெஷின் ஹெட்’ இசைத்தொகுப்பில் இப்பாட்டு இடம்பெற்றது.

ரிஃப்பை மூன்று நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். புத்தகத்தில் அச்சிட்டிருந்தபடியே பவர் கார்டுகளாக, அதாவது இரண்டே ஸ்வரங்கள் கொண்ட கார்டுகளாக, வாசித்தேன். வாசிப்பதையும் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டபோது ஏதோ ஒன்று பொருந்தவில்லை. ஸ்வரங்கள் சரி, தாளம் சரி. ஆனால் என் வாசிப்பு கனத்து, கலங்கலாகக் கேட்டது. ஒரு வாரம் ஆம்பின் குமிழ்களையே திருப்பிக்கொண்டிருந்தேன். பிறகு அக்குழுவின் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அதை வாசிக்கும் மேடைக் காட்சி ஒன்றைப் பார்த்தபோதுதான் விளங்கியது: அவர் (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால்) நான்காம், மூன்றாம் கம்பிகளை மட்டுமே பயன்படுத்துகிறார், பிக் என்ற சிறு தகட்டால் வருடாமல் இரண்டு கம்பிகளையும் விரல்களால் ஒரே நேரத்தில் பற்றி மீட்டுகிறார். என் புத்தகத்தின் பவர் கார்டு, கீழே ‘ச’வும் மேலே ‘ப’வுமாக அமைந்தது. அவர் வாசிப்பதோ கீழே ‘ப’வும் அதன் மேலே ‘ச’வும். அதே இரண்டு ஸ்வரங்கள்தான், ஆனால் மேல்கீழாக மாறியவை. பிக்கால் வருடும்போது ஒரு கம்பி நொடியின் ஒரு சிறு பின்னம் முந்தி ஒலிக்கும். விரல்களால் மீட்டும்போது இரண்டும் ஒன்றாகப் பிறக்கும். இதை மாற்றிய அன்று மாலையே என் அறையில் அந்தப் பாட்டின் சாயல் கேட்டது.

அந்த ரிஃப்பை நம் ஸ்வரப் பெயர்களால் சொன்னால் நினைவில் நிற்கும்: ஜி என்ற ஸ்வரத்தை ‘ச’ என்று கொண்டால், முதலில் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், இரண்டாம் முறை ச, அதே காந்தாரம், ஒரு கணம் பிரதி மத்யமத்தைத் தொட்டு உடனே சுத்த மத்யமத்துக்கு இறங்குவது, மூன்றாம் முறை முதலில் வந்ததைப் போலவே வந்து, காந்தாரம் வழியாக ச-வில் அமர்வது. அந்த ஒற்றைப் பிரதி மத்யமம்தான் ப்ளூஸ் இசையிலிருந்து ராக்குக்கு வந்த ‘ப்ளூ நோட்’. அதை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், ரிஃப்பின் உயிர் போய்விடும்.

இரண்டே ஸ்வரங்கள் ஏன் இவ்வளவு பெரிதாக ஒலிக்கின்றன என்பது டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது, செய்யும் வேலை. டிஸ்டார்ஷன், தனக்குள் வரும் இரண்டு அதிர்வெண்களின் கூட்டலையும் வித்தியாசத்தையும் புதிய ஒலிகளாகச் சேர்த்துத் தருகிறது. அழுத்தாமல் மீட்டிய மூன்றாம் கம்பி 196 ஹெர்ட்ஸ், நான்காம் கம்பி ஏறக்குறைய 147 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 49. அது 196இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி கீழே உள்ள அதே ‘ச’. யாரும் மீட்டாத அடி ஸ்வரம் ஒன்று தானாகவே கூடச் சேர்ந்துகொள்கிறது. மாறாக மூன்று ஸ்வரம் கொண்ட முழுக் கார்டை அதே டிஸ்டார்ஷனில் மீட்டினால், காந்தாரத்தால் உண்டாகும் கூட்டலும் வித்தியாசமும் எதனோடும் பொருந்தாமல் உறுமும். ராக்கில் பவர் கார்டு நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நடைமுறைக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: கார்டில் ஸ்வரங்கள் கூடக்கூட டிஸ்டார்ஷன் குமிழைக் குறைக்க வேண்டும். இன்று அந்தக் குமிழை நடுப்புள்ளிக்கு மேல் அரிதாகவே திருப்புகிறேன்.

இந்தப் பாடம் ஏசி/டிசி குழுவின் ‘பேக் இன் பிளாக்’ பாட்டில் உறுதிப்பட்டது. 1980இல் வந்த அந்தப் பாட்டின் முதன்மை ரிஃப், ஈ, டி, ஏ என்ற மூன்று கார்டுகளில் தொடங்குகிறது. புத்தகத்தில் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். குழுவின் ரிதம் கிதார் கலைஞர் மால்கம் யங் தடித்த கம்பிகளைப் போட்டு, பலரும் நினைப்பதைவிடக் குறைந்த டிஸ்டார்ஷனில் வாசித்தவர். கேட்பவர் நெஞ்சில் இடிப்பது அவருடைய கை விசையும், கார்டுகளுக்கு இடையே அவர் விடும் மௌனமும்தான். டேப்லேச்சரில் அந்த மௌனம் ஒரு சிறிய குறியாக இருக்கிறது. நான் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். என் கார்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழிந்தன.

கம்பியை ஒலிக்கச் செய்யப் பழகுவதைப் போலவே, அதை நிறுத்தவும் தனியாகப் பழக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் மீது இறக்குவது ஒன்று. இடது விரல்களை எடுத்துவிடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துவது இன்னொன்று. மீட்டாத கம்பிகளை வேறொரு விரலின் ஓரம் தொட்டபடி இருப்பது மூன்றாவது. ஒரு மாதம் முழுக்க, முதல் கார்டை மீட்டி, இரண்டாம் அடியில் முழு மௌனம் கிடைக்கிறதா என்பதை மட்டும் சோதித்தேன். ஹெட்போனில் கேட்டால் தப்பிக்கவே முடியாது. மிச்சமிருக்கும் கம்பி முனகுவது தெளிவாகக் கேட்கும். பாட்டுப் புத்தகத்தை வைத்துக் கற்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எண்களை வாசிப்பதற்கு முன்னால் ஓய்வுக் குறிகளை வண்ணப் பென்சிலால் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்ருதி விஷயத்தில் நான் பட்ட அவதியையும் சொல்லியாக வேண்டும். கன்ஸ் அன் ரோசஸ் குழுவின் ‘ஸ்வீட் சைல்டு ஓ மைன்’ பாட்டின் தொடக்க ரிஃப்பை வாசித்துவிட்டு ஒலிப்பதிவோடு சேர்த்து வாசிக்க முயன்றபோது, எதுவுமே ஒட்டவில்லை. டியூனர் சரியாகக் காட்டியது. கிதாரின் பாலம் (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) நகர்ந்துவிட்டதோ என்று பயந்து ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் கழுத்தை நிமிர்த்த வேண்டும் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார். குறை அப்படியே இருந்தது. இரண்டு வாரம் கழித்து, பக்கத்தின் மேல்மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ‘எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கவும்’ என்று அச்சிட்டிருந்ததைக் கண்டேன். 1987இல் வந்த அந்த ஒலிப்பதிவில் கிதார்கள் ஈ-ஃபிளாட்டுக்கு இறக்கப்பட்டிருக்கின்றன. ஆறாம் கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 77.8 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகிறது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பாடல்களிலும் இந்த இறக்கம் அடிக்கடி உண்டு. நிர்வாணா குழுவின் ‘கம் ஆஸ் யூ ஆர்’ பாட்டுக்கு ஒரு முழு ஸ்வரமே இறக்க வேண்டும். இப்போது ஒரு பாட்டைத் தொடங்குவதற்கு முன் அதன் கடைசி ஸ்வரத்தை ஒலிப்பதிவில் கேட்டு, என் கிதாரில் தேடிப் பிடித்து, புத்தகத்தோடு ஒப்பிடுகிறேன். ஒரு நிமிட வேலை.

கம்பிகளைப் பற்றியும் சிறிது. தொடக்கத்தில் ‘10’ என்ற அளவில் கம்பி போட்டிருந்தேன். அதாவது மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலத் தடிமன். பிறகு ‘9’க்கு மாறினேன். மெல்லிய கம்பிக்கு மாறுவது குறைவான காரியம் என்று ஒரு தயக்கம் எனக்கு இருந்தது. பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமியின் வரலாறு அதைப் போக்கியது. இடது கைப் பழக்கமுள்ள அவர், 17ஆம் வயதில் பர்மிங்காமில் தகட்டு ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில், கம்பிகளை அழுத்தும் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தாமே விரல் உறைகள் செய்துகொண்டு, பாஞ்சோவின் மெல்லிய கம்பிகளை கிதாரில் கட்டி வாசித்தார். பின்னர் இறுக்கத்தைக் குறைக்க ஸ்ருதியையும் இறக்கினார். ராக் இசையின் மிகக் கனமான ஒலிகளுள் ஒன்று அப்படிப்பட்ட மெல்லிய கம்பிகளிலிருந்து வந்தது. சென்னையில் கடற்காற்று இரும்புக் கம்பியை விரைவில் துருவேற்றுகிறது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதால், என் கம்பிகள் மூன்று வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாதம் தாங்குகின்றன.

பயிற்சி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) மட்டும் எடுத்துக்கொள்வேன். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் பாட்டின் வேகத்தில் பாதிக்கு வைத்து, தவறின்றி ஐந்து முறை வந்தபின் நான்கு துடிப்புகள் கூட்டுவேன். தவறு வந்தால் எட்டுத் துடிப்புகள் குறைப்பேன். பாட்டின் கடைசிப் பகுதியைத்தான் முதலில் கற்பேன்; ஏனென்றால் எப்போதும் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் வரி நூறு முறையும் கடைசி வரி ஐந்து முறையும்தான் கைக்கு வந்திருக்கும். வெறும் ரிஃப்களாக இருபது தெரிந்திருப்பதைவிட ஒரு பாட்டு முழுதாகத் தெரிந்திருப்பது மேலானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இரண்டாம் சரணத்துக்குப் பிறகு வரும் இணைப்புப் பகுதி, மூன்றாம் முறை சற்றே மாறும் பல்லவி, எல்லாரும் நின்றுவிட ஒருவர் மட்டும் தொடரும் இரண்டு பார் ஆகியவற்றில்தான் ஒரு பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது.

ஆனால் இந்தத் தனிப் பயிற்சியில் ஒரு கெட்ட பழக்கம் எனக்கே தெரியாமல் வளர்ந்திருந்தது. அலுவலகத்தில் டிரம்ஸ் வாசிக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். ஒன்றரை ஆண்டு கழித்து, ஒரு பயிற்சி அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து அவரோடு முதன்முறையாக வாசித்தேன். பதினான்காவது பாரில் ஒரு கார்டு தவறியது; உடனே நிறுத்தி அதைத் திருத்தி வாசித்தேன். டிரம்ஸ் நிற்கவில்லை. மீண்டும் தொடங்கினோம், மீண்டும் தவறி, மீண்டும் நின்றேன். மூன்றாம் முறை அவர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, தப்பாயிடுச்சுன்னா விட்டுடுங்க. நான் நிக்க மாட்டேன். அடுத்த பார்ல ஒண்ணுக்கு வந்து சேந்துக்கோங்க.”

அந்த மாலை எனக்கு வருத்தமாக இருந்தது. ஒன்றரை ஆண்டில் நான் பயின்றது இசையா, வெறும் திருத்தமா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாளிலிருந்து அரை மணியை இரண்டாகப் பிரித்தேன். முதல் 20 நிமிடம் நின்று, திருத்தி, மெதுவாக வாசிப்பது. கடைசி 10 நிமிடம் ஒலிப்பதிவோடு, எது தவறினாலும் நிற்காமல் வாசிப்பது. கை தவறிய பாரில் வலது கையை மட்டும் அசைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் தொடர்ந்து, அடுத்த பாரின் முதல் அடியில் சேர்ந்துகொள்வேன். இரண்டு மாதத்தில் நான்கு பாடல்களை அவரோடு முழுதாக வாசித்தோம். இதை முதல் மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

சோலோக்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தகுதி குறைவு. ஆனாலும் இப்போது என் மேசையில் விரிந்திருப்பது ஒரு சோலோ பக்கம்தான். பிங்க் ஃபிளாய்ட் குழு 1979இல் வெளியிட்ட ‘கம்ஃபர்ட்டப்லி நம்ப்’ பாட்டில் டேவிட் கில்மர் வாசிக்கும் இரண்டாம் சோலோ அது. பெரும்பகுதி பி மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையில் அமைந்தது. அந்த ஐந்து ஸ்வரங்களும் நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களே: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். ஸ்வரங்கள் ஒன்றாக இருப்பதால் ராகமும் ஒன்றாகிவிடாது. எங்கே நிற்பது, எதை அசைப்பது என்பது முற்றிலும் வேறு. ஆனாலும் காது அந்த வீட்டுக்குள் முன்பே போய்வந்திருப்பதால் எனக்கு அது பெரிய துணையாக இருந்தது.

டேப்லேச்சரில் கம்பியை இழுப்பதற்கு வளைந்த அம்புக்குறி ஒன்றும், எவ்வளவு இழுப்பது என்பதற்கு ‘முழு’ என்ற சொல்லும் இருக்கும். ஏழு வாரம் அந்த அம்புக்குறியைப் பார்த்து இழுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உயரத்தில் போய் நின்றது. என் அக்கா சிறு வயதில் எட்டு ஆண்டுகள் வீணை பயின்றவர். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொண்டுவருவது அவர் கைக்குப் பழகிய காரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “இழுக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்தைப் பாடுடா. பாடிட்டு இழு” என்றார். அதன்பின் எந்த இடத்தில் இழுக்க வேண்டுமோ, அதற்கு இரண்டு ஃப்ரெட் மேலே உள்ள ஸ்வரத்தை முதலில் அழுத்தி மீட்டுகிறேன். அதை வாயால் பாடுகிறேன். பிறகு கீழே வந்து, மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டு விரல்களையும் துணையாக வைத்து, மணிக்கட்டைத் திருப்பி இழுக்கிறேன். விரலின் வலிமையால் இழுத்தால் கை நடுங்கும். மணிக்கட்டின் சுழற்சியால் இழுத்தால் கம்பி நின்ற இடத்தில் நிற்கும்.

முதல் எட்டு பார்களை நேற்று இரவு போனில் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பினேன். முதல் இரண்டு இழுப்புகளும் சரியாகச் சேர்ந்துவிட்டன, மூன்றாவது மட்டும் இன்னும் ஒரு நூல் தாழ்ந்தே நிற்கிறது என்று பதில் அனுப்பியிருந்தார். காலையில் கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். பக்கத்தில் அந்த அம்புக்குறியைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். இந்த வாரம் முழுவதும் அந்த ஓர் இடம் மட்டுமே.